கடுகு யுத்தம்

கடுகுக்காக நடந்த ஒரு யுத்தத்தைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். பள்ளிக்கூடத்துச் சரித்திரப் புத்தகங்களில் அது இல்லை. ரஷ்ய தேசத்தில் ஓர் ஊர். அந்த ஊர் ஜனங்கள் சாப்பாட்டோடு கடுகு சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று ஓர் உத்தரவு. ஜனங்கள் சேர்த்துக்கொள்ளவில்லை. ஊரை ஆள வந்த அதிகாரி, படை திரட்டிக்கொண்டு தம் சொந்த ஊரின் மீதே தண்டெடுத்துப் போனார். எதற்காக? கொள்ளையடிக்கவா, பழி தீர்க்கவா? இரண்டும் இல்லை. ஜனங்களுக்கு நாகரிகம் புகட்டுவதற்காக!

இந்த யுத்தம் நடந்தது ஒரு நாவலில். எழுதியவர் மிகயீல் ஸால்டிகோவ். ஷெத்ரீன் என்பது அவருடைய புனைபெயர். இரண்டையும் சேர்த்து ஸால்டிகோவ்-ஷெத்ரீன் என்றுதான் இலக்கிய உலகம் அவரை அழைக்கிறது. நாவலின் பெயர் ‘ஒரு நகரத்தின் சரித்திரம்’. பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து வெளிவந்த ‘தாய்நாட்டுக் குறிப்புகள்’ என்ற மாதப் பத்திரிகையில் 1869 ஜனவரி முதல் 1870 செப்டம்பர் வரை பகுதி பகுதியாக வந்து, 1870-லேயே புத்தகமாகவும் ஆயிற்று. டால்ஸ்டாயையும் செகாவையும் உறவினர்களைப் போல விசாரிக்கிற நம் வாசகர்கள் இவரை அவ்வளவாக விசாரிப்பதில்லை. அது நமக்குத்தான் நஷ்டம்.

முதல் தடவை நான் இந்த நாவலைச் சிரிப்பதற்காகவே படித்தேன். வயிறு குலுங்கச் சிரித்தேன். இரண்டாம் தடவை, ஆசிரியருடைய வாழ்க்கை வரலாற்றையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தேன். அதே இடங்களில் சிரிப்பு வந்தது. ஆனால் பாதியில் நின்றது. அப்படி ஏன் நின்றது என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் அந்தச் சாம்ராஜ்யத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. 1762-ல் ரஷ்யச் சிங்காதனம் ஏறிய 2-ஆம் காதரீன் சக்கரவர்த்தினி, ஐரோப்பாவின் அறிவாளிகள் எல்லாரும் மெச்சிய ராணி. பிரெஞ்சு ஞானி வால்டேருக்குக் கடிதம் எழுதுவாள். அவரும் புகழ்ந்து பதில் எழுதுவார். தீதெரோ என்ற தத்துவ ஆசிரியருக்குப் பணமுடை என்று கேள்விப்பட்டு, 1765-ல் அவருடைய நூல்நிலையத்தை விலைக்கு வாங்கினாள். புத்தகங்கள் அவர் ஆயுள் உள்ளவரை அவரிடமே இருக்கட்டும், அவற்றைப் பாதுகாக்க அவருக்குச் சம்பளமும் தருகிறேன் என்றாள். எந்த எழுத்தாளனுக்கும் பொறாமை உண்டாக்கக்கூடிய ஏற்பாடு! 1767-ல் புதுச் சட்டம் வகுக்க ஒரு மகாசபை கூட்டி, அதற்கு வழிகாட்டியாக ஒரு போதனை நூலும் எழுதினாள். மாண்டெஸ்க்யூ, பெக்காரியா முதலிய மேதைகளிடமிருந்து தாராளமாக எடுத்துக் கோத்த நூல் அது. சித்திரவதை கூடாது, சட்டத்தின் முன் யாவரும் சமம் என்றெல்லாம் அதில் உயர்ந்த கருத்துகள் இருந்தன.

அதே 1767-ல் இன்னோர் உத்தரவும் பிறந்தது. பண்ணையடிமைகள் தங்கள் எஜமானர்களைப் பற்றிச் சக்கரவர்த்தினியிடம் முறையிடக் கூடாது; முறையிட்டால் தண்டனை. போதனை நூல் ஐரோப்பாவெங்கும் பேசப்பட்டது. உத்தரவு கிராமங்களில் படித்துக் காட்டப்பட்டது. 1773-ல் தீதெரோ பீட்டர்ஸ்பர்க் வந்து அரண்மனையில் சக்கரவர்த்தினியோடு தத்துவம் பேசிக்கொண்டிருந்த அதே காலத்தில்தான் கிழக்கே புகச்சேவ் என்பவன் தலைமையில் குடியானவர்களும் கொஸாக்குகளும் கிளர்ந்தெழுந்தார்கள். 1775 ஜனவரியில் மாஸ்கோவில் அவனுடைய தலை வெட்டப்பட்டது. 1790-ல் ராதீஷ்செவ் என்ற உத்தியோகஸ்தர், பண்ணையடிமைகளின் கதியைக் கண்டு மனம் வெதும்பி, பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து மாஸ்கோவுக்குப் போகிற பிரயாணக் கதையாக ஒரு நூல் வெளியிட்டார். அவருக்கு முதலில் மரண தண்டனை விதித்தார்கள். பிறகு கருணை கூர்ந்து சைபீரியாவுக்கு அனுப்பினார்கள். ஐரோப்பிய ஞானிகளுக்குச் சம்பளம். ரஷ்ய ஞானிக்குச் சைபீரியா!

இந்த முரண்பாட்டை ஒரு சரித்திர ஆசிரியர் எழுதினால் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதுவார். ஷெத்ரீன் வேறு வழி எடுத்தார். ஒரு நகரத்தைக் கற்பனை செய்து, அந்த நகரத்தின் பழைய தஸ்தாவேஜு அறையிலிருந்து குமாஸ்தாக்கள் எழுதி வைத்த சரித்திர ஏடு ஒன்று கிடைத்ததாகவும், தாம் வெறும் பதிப்பாசிரியர் என்றும் சாதித்துவிட்டார். நகரத்தின் பெயர் க்ளூபோவ். ரஷ்ய மொழியில் ‘க்ளூப்பி’ என்றால் அசடு. ஆகையால் நாம் அந்த ஊரை அசட்டூர் என்றே அழைக்கலாம். 1731 முதல் 1826 வரை அந்த ஊரை ஆண்ட நகராதிபதிகளின் ஜாபிதாவோடு கதை ஆரம்பமாகிறது.

ஜாபிதாவிலேயே சிரிப்பு தொடங்கிவிடுகிறது. முதல் நகராதிபதி ஓர் இத்தாலியர். மாக்கரோனி நன்றாகச் சமைப்பார் என்பதற்காக இத்தாலியிலிருந்து தருவிக்கப்பட்டு, அந்தத் தகுதி கொண்டே பதவி பெற்றவர். இன்னொருவர் தம்முடைய அபாரமான உயரத்தால் பேர்பெற்றவர். புயற்காற்றில் இரண்டாக முறிந்து போனார். மற்றொருவர் ஆகாயத்தில் பறப்பார். இதையெல்லாம் ஏடு எழுதிய குமாஸ்தா முகத்தில் சிரிப்பின் ரேகையே இல்லாமல், நியமனத் தேதி, மாற்றல் தேதி, மரணக் காரணம் என்று சம்பளப் பட்டியல் எழுதுகிற குரலில் எழுதிக்கொண்டு போகிறார். ஸர்க்கார் காகிதத்தின் நடை தெரிந்தவர்களுக்குத்தான் இதன் ருசி முழுவதும் தெரியும்.

1762 ஆகஸ்டில் ப்ருதாஸ்தி என்ற நகராதிபதி வந்து சேருகிறார். காதரீன் பட்டத்துக்கு வந்து இரண்டு மாதம்கூட முழுதாக ஆகவில்லை என்பதைக் கவனியுங்கள். அவர் அதிகம் பேசுகிறவர் அல்ல. அவர் வாயிலிருந்து வருவது இரண்டே இரண்டு வாக்கியந்தான். ஒன்று, ஒழித்துவிடுவேன் என்று பொருள்படும். மற்றது, சகிக்க மாட்டேன் என்று பொருள்படும். ஊர் நடுங்குகிறது. குமாஸ்தாக்கள் இரவு பகலாக உத்தரவுகளைப் பிரதி எடுக்கிறார்கள், வரி நிலுவை வசூலாகிறது, ஆட்கள் பிடிக்கப்படுகிறார்கள். நிர்வாகம் கன ஜோராக நடக்கிறது! ஒரு நாள் அவர் பேச்சில் கரகரப்புத் தட்டுகிறது. இரகசியமாகக் கடிகாரத் தச்சனை அழைக்கிறார்கள். அப்போதுதான் விஷயம் வெளியாகிறது: நகராதிபதியின் தலைக்குள் மூளைக்குப் பதில் ஒரு சிறு சங்கீதப் பெட்டி. அதில் இரண்டே பாட்டுகள். அந்தத் தலையைக் கழற்றி, ரிப்பேருக்காகத் தலைநகருக்கு அனுப்புகிறார்கள். அது திரும்பி வண்டியில் வருகிறபோது, பொறுப்பாகக் கொண்டுவருகிற பையனைக் கடிக்கிறது!

இதற்குள் ஊரில் ஒரு பெருங்குழப்பம். ஜனங்கள் தங்களுக்கு விடுதலை கிடைத்தது என்று மகிழ்ந்தார்களா? அதுதான் இல்லை. எங்கள் அப்பனை எங்கே ஒளித்துவைத்தீர்கள் என்று கூட்டம் கூடிக் கதறுகிறார்கள். கடைசியில் ஒரே முகமும் ஒரே தலையும் கொண்ட இரண்டு நகராதிபதிகள் சந்தையில் எதிரெதிரே நின்று ஒருவரை ஒருவர் அளந்து பார்க்கிறார்கள். ஜனக்கூட்டம் ஒரு சொல்லும் பேசாமல் மெல்லக் கலைந்து போகிறது. இந்த இடத்தில்தான் நான் முதன்முதலாகச் சிரிப்பை நிறுத்தினேன்.

இனிக் கடுகு யுத்தத்துக்கு வருவோம். காதரீன் காலத்து முற்போக்கு நகராதிபதி ஒருவர், கடுகும் பிரிஞ்சி இலையும் உணவில் கட்டாயம் என்று சட்டம் செய்துவிட்டுப் போனார். காலப்போக்கில் ஜனங்கள் அதை மறந்தார்கள். பின்னால் வந்த பரதாவ்கின் என்ற நகராதிபதி பழைய காகிதங்களைப் புரட்டி, இந்த அலட்சியத்தைக் கண்டுபிடித்தார். நாகரிகம் பின்னடைவதா? படையெடுப்பு தொடங்கியது. எதிரிகள் என்ன செய்தார்கள் தெரியுமா? முழங்காலிட்டார்கள். எழுந்திருக்கச் சொன்னாலும் எழுந்திருக்கவில்லை; கடுகு தின்னவும் சம்மதிக்கவில்லை. தாங்கள் செய்வது கலகம் என்று அவர்களுக்கே தெரியும். ஆனாலும் அவர்களுக்குத் தெரிந்த கலகம் முழங்காலில் நின்று செய்கிற கலகம் ஒன்றுதான்.

பரதாவ்கினுடைய படை ஊர் மேய்ச்சல் நிலத்தில் வழி தப்பி நாட்கணக்கில் சுற்றியது. நிஜச் சிப்பாய்கள் போதாமல், குழந்தைகள் வைத்து விளையாடும் தகரச் சிப்பாய்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். அவசர வேளையில் அந்தத் தகரப் பொம்மைகளின் முகத்தில் ரத்தம் ஏறுகிறது; கண்கள் உருளுகின்றன; வீடுகளை இடிக்கப் புறப்பட்டுவிடுகின்றன! கடுகு யுத்தம் முடிந்து, வீடுகளுக்குக் கல் அஸ்திவாரம் போட வேண்டும் என்று ஒரு யுத்தம். பூச்சிகளைக் கொல்லும் பாரசீகச் சாமந்தி பயிரிட வேண்டும் என்று இன்னொரு யுத்தம். பிறகு பிரெஞ்சுப் புரட்சி வந்தது. மேலிடத்தில் காற்று திசை மாறியது. அறிவொளி அபாயமான சரக்கு என்று தெரிந்ததும், அதே பரதாவ்கின் அதே உற்சாகத்தோடு அறிவொளிக்கு எதிராக ஒரு யுத்தம் நடத்தினார். அவருக்கு இரண்டும் ஒன்றுதான். வீடு இடிந்தவர்களுக்கும் இரண்டும் ஒன்றுதான்.

ஜாபிதாவில் இந்தப் பரதாவ்கினைப் பற்றி இரண்டு சாதனைகள் பதிவாகியிருக்கின்றன. வரி நிலுவைக்காக 33 கிராமங்களைக் கொளுத்தி, இரண்டரை ரூபிள் வசூல் செய்தார் என்பது ஒன்று. ஊரில் ஒரு கலாசாலை அமைக்க அனுமதி கேட்டார், கிடைக்கவில்லை. அதற்குப் பதிலாகப் போலீஸ் சாவடி கட்டினார் என்பது மற்றொன்று.

இதெல்லாம் வெறும் மிகைப்படுத்தல் என்று தோன்றும். ஆனால் கடுகுக்குப் பதில் உருளைக்கிழங்கை வைத்துப் பாருங்கள். 1-ஆம் நிக்கலஸ் சக்கரவர்த்தி காலத்தில், பஞ்சத்துக்கு மருந்தாகக் குடியானவர்கள் உருளைக்கிழங்கு பயிரிட வேண்டும் என்று ஸர்க்கார் கட்டாயப்படுத்தியது. 1840 முதல் 1844 வரை பல மாகாணங்களில் குடியானவர்கள் மறுத்தார்கள், கலகம் செய்தார்கள், பட்டாளம் போயிற்று, பிரம்படியும் துப்பாக்கிச் சூடும் நடந்தன. ரஷ்ய சரித்திரத்தில் இதற்கு உருளைக்கிழங்குக் கலகங்கள் என்றே பெயர். வியாத்கா மாகாணமும் அந்தக் கலகம் நடந்த இடங்களில் ஒன்று. ஷெத்ரீனுக்கும் வியாத்காவுக்கும் என்ன உறவு என்பதைத்தான் இப்போது சொல்லப்போகிறேன்.

மிகயீல் ஸால்டிகோவ் 1826-ல் த்வேர் மாகாணத்தில் ஒரு பெரிய நிலப்பிரபுவின் வீட்டில் பிறந்தவர். கவி புஷ்கின் படித்த அதே ராஜாங்கக் கல்லூரியில் படித்துத் தேறி, யுத்த இலாகாவில் உத்தியோகத்தில் அமர்ந்தார். 1848-ல், 22-ஆம் வயதில், ஒரு கதை எழுதினார். அந்த வருஷம் பாரிஸில் புரட்சி வெடித்திருந்தது. நிக்கலஸ் சக்கரவர்த்திக்கு ஒவ்வொரு பேனாவும் வெடிமருந்தாகத் தோன்றிய சமயம். ஸால்டிகோவைக் கைது செய்து வியாத்காவுக்கு அனுப்பினார்கள். அங்கே அவருக்குக் கிடைத்த தண்டனை என்ன? கவர்னர் ஆபீஸில் வேலை! ஸர்க்காரைக் குறை சொன்னவனை ஸர்க்கார் உத்தியோகத்திலேயே கட்டிப் போட்டார்கள். இந்த யோசனை யாருக்குத் தோன்றியதோ, அவர் அசட்டூர் ஜாபிதாவில் இடம்பெறத் தகுதியானவர்.

ஏறக்குறைய எட்டு வருஷம் அவர் அங்கே இருந்தார். நிக்கலஸ் இறந்து, 1855 கடைசியில்தான் விடுதலை கிடைத்தது. அந்த எட்டு வருஷத்தில் அவர் கைகட்டிச் சும்மா இருக்கவில்லை. மாகாண நிர்வாகத்தில் ஆலோசகர் பதவிக்கு உயர்ந்தார். திருச்சபைச் சீர்திருத்தத்தை ஏற்காமல் பழைய முறைப்படி தொழுதுவந்த ‘பழைய நம்பிக்கையாளர்’ என்ற பிரிவினரை விசாரிக்கும் வேலையும் அவர் தலையில் விழுந்தது. மேலிடத்து உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு, எளிய ஜனங்களின் வீட்டுக் கதவைத் தட்டுகிறவராக அவரே இருந்தார். இதே வியாத்காவில்தான், உதவி கவர்னரின் புதல்விகள் இருவருக்காக ரஷ்ய சரித்திரத்தைச் சுருக்கமாக எழுதிக் கொடுத்தார். அந்தப் பெண்களில் ஒருத்தியைத்தான் 1856-ல் மணந்தார். ஆகவே அவர் எழுதிய முதல் சரித்திரம் அசட்டூரின் சரித்திரம் அல்ல. அந்தப் பாடப்புத்தகச் சரித்திரந்தான்.

விடுதலைக்குப் பிறகாவது உத்தியோகத்தை உதறினாரா? இல்லை. 1858 முதல் ரியாஸானிலும், பிறகு 1862 வரை த்வேரிலும் உதவி கவர்னராக இருந்தார். 1861-ல் பண்ணையடிமைகள் விடுதலையாயின காலம் அது. அதிகாரத்தை ஜனங்களுக்கு நல்லது செய்யப் பயன்படுத்தலாம் என்று அவர் மனமார நம்பினார். பிரபுக்களோடு ஓயாமல் மல்லுக்கு நின்றார். பிரெஞ்சுப் புரட்சித் தலைவரின் பெயரைச் சேர்த்து ‘உதவி ரோபஸ்பியர்’ என்று அவருக்குப் பட்டம் கட்டினார்கள். பிறகு 1865 முதல் பென்ஸா, தூலா, ரியாஸான் என்று மூன்று மாகாணங்களில் கஜானா இலாகாவின் தலைவர். வரி வசூல், நிலுவை எல்லாம் அந்த இலாகாவின் பொறுப்பு. 1868-ல்தான் உத்தியோகத்துக்கு ஒரேயடியாகத் தலை முழுகி, கவிஞர் நெக்ராஸவோடு சேர்ந்து ‘தாய்நாட்டுக் குறிப்புகள்’ பத்திரிகையை நடத்த வந்தார். அடுத்த ஜனவரியில் அசட்டூர் சரித்திரம் ஆரம்பமாகிறது.

இப்போது அந்த 33 கிராமங்களையும் இரண்டரை ரூபிளையும் மறுபடி நினைத்துப் பாருங்கள். அதை எழுதிய கை, போன வருஷம் வரையில் நிலுவைக் கணக்கில் கையெழுத்துப் போட்ட கை. சங்கீதப் பெட்டித் தலையின் உள்ளே என்ன இருக்கிறது என்று அவருக்கு எப்படித் தெரிந்தது என்றால், அவர் அந்தப் பெட்டிக்குப் பக்கத்திலேயே இருபது வருஷம் உட்கார்ந்திருந்தார். நானும் கதை எழுதுகிறவன். அதிகாரிகளைக் கேலி செய்து எழுதியிருக்கிறேன். அப்படி எழுதும்போது நாம் வெளியே, சுத்தமான இடத்தில், நிற்பதாக ஒரு சௌகரியமான எண்ணம் உண்டாகிறது. ஷெத்ரீனுக்கு அந்தச் சௌகரியம் இல்லை. அவருடைய கேலியில் ஒரு பங்கு அவர் மேலேயே விழுகிறது. அதனால்தான் அது ஆறிப் போகாமல் இன்றும் சுடுகிறது.

நாவல் வெளிவந்ததும் இரண்டு விதமான வரவேற்பு. துர்கனேவ் 1871 மார்ச்சில் லண்டன் பத்திரிகை ஒன்றில் ஆங்கில வாசகர்களுக்கு இதை அறிமுகம் செய்து, ‘கல்லிவர்’ எழுதிய ஸ்விஃப்டின் வரிசையில் ஷெத்ரீனை வைத்துப் பேசினார். அடுத்த மாதமே ‘ஐரோப்பியத் தூதன்’ என்ற ரஷ்யப் பத்திரிகையில் சுவோரின் ஒரு கடுமையான விமரிசனம் எழுதினார். பின்னாளில் செகாவின் கதைகளைப் பிரசுரித்த அதே சுவோரின்தான். அவருடைய குற்றச்சாட்டு அற்பமானதல்ல. இந்த ஆசிரியர் ஆள்கிறவர்களை மட்டும் கேலி செய்யவில்லை. அடிபடுகிற ஜனங்களையும் அசடுகள் என்று கேலி செய்கிறார், இது தர்மமா என்பது அவர் கேள்வி.

ஷெத்ரீன் பதில் எழுதினார். இரண்டு விஷயங்களை அழுத்திச் சொன்னார். தமக்குப் பழைய சரித்திரத்தில் அக்கறை இல்லை, தாம் எழுதியது நிகழ்காலத்தைப் பற்றி என்பது ஒன்று. ஜனங்கள் என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம் உண்டு என்பது இரண்டாவது. மக்களாட்சி என்ற இலட்சியத்தின் உருவமாக ஜனங்களைப் பார்த்தால் அவர்கள்மேல் அன்பு கொள்ளாதிருக்க முடியாது. ஆனால் பரதாவ்கின்களைத் தோளில் சுமந்துகொண்டு, சுமப்பதே பிறவிப் பயன் என்று இருக்கிற ஜனங்களாகப் பார்த்தால், அந்தக் காரியத்துக்காக அவர்களைப் போற்ற முடியாது என்றார்.

இந்தப் பதிலை நான் பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். சுவோரின் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. பசித்தவனைப் பார்த்துச் சிரிப்பது எளிது. முழங்காலில் நிற்பவன் ஏன் எழுந்திருக்கவில்லை என்று நாற்காலியில் உட்கார்ந்து கேட்பது அதைவிட எளிது. ஆனால் நாவலைக் கவனமாகப் படித்தால் ஷெத்ரீன் எந்த இடத்தில் சிரிக்கிறார், எந்த இடத்தில் சிரிக்கவில்லை என்பது தெரியும். ஊரில் பஞ்சம் வருகிறபோதும் தீப்பிடிக்கிறபோதும் அவர் சிரிக்கவில்லை. அந்தப் பக்கங்களில் குமாஸ்தாவின் குரல் மறைந்து, மனிதக் குரல் கேட்கிறது. தலை தொலைந்த எஜமானைத் தேடி ஜனங்கள் அழுகிறபோதுதான் அவர் சிரிக்கிறார். அந்தச் சிரிப்பில் வெறுப்பு இல்லை, ஆத்திரம் இருக்கிறது. இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு.

அசட்டூர் ஒரு காலத்தில் செழித்தது என்பதையும் சொல்ல வேண்டும். அப்போது ஆண்ட நகராதிபதி எதிலும் தலையிடமாட்டேன் என்று வந்தவர். ஊரில் தேனும் தானியமும் வழிந்தன. அவருடைய தலை சமையல்காரன் பக்குவம் செய்து அடைத்த தலை என்று பிறகு தெரிந்தது. வாசனையைக் கண்டுபிடித்த பிரபுக்கள் தலைவர் அதை ஆசையோடு தின்று தீர்த்துவிட்டார்! ஆள்கிறவர் சும்மா இருந்ததால் ஜனங்கள் வாழ்ந்தார்கள் என்பது நகைச்சுவை. ஆனால் அடைத்த தலையின் தயவில் கிடைத்த வாழ்வு எத்தனை நாள் நிலைக்கும்?

அது நிலைக்கவில்லை. கடைசியில் வருகிறவர் உக்ரியூம் பூர்ச்சேயெவ். அவருக்கு நேர்க்கோடு ஒன்றுதான் தெரியும். ஊரையே இடித்துத் தரைமட்டமாக்கி, பட்டாளத்து லயன் போல ஒரே அளவு வீடுகளாக, ஒரே அளவு குடும்பங்களாகப் புது ஊர் கட்டுகிறார். ஊருக்கு வேறு பெயரும் வைக்கிறார். நேர்க்கோட்டுக்குக் குறுக்கே ஒரு நதி ஓடுகிறது. அதை நிற்கச் சொல்லி உத்தரவிடுகிறார். இடித்த வீடுகளின் சிதைவுகளைக் கொட்டி அணை போடுகிறார். நதி ஒரு நாள் நிற்கிறது. அப்புறம் அணையை உடைத்துக்கொண்டு பழைய வழியே போய்விடுகிறது. இந்த மனிதருக்கு மூலம் யார் என்பது அன்றைய வாசகர்களுக்குத் தெரியும். முதலாம் அலெக்ஸாண்டர் காலத்தில் 1816 முதல் அரக்சேயெவ் பெரிய அளவில் நடத்திய பட்டாளக் குடியிருப்புகளில், குடியானவனுக்குச் சீருடை மாட்டி, மேளத்துக்கு உழச் சொன்னார்கள். 1819-ல் சுகூயெவிலும் 1831-ல் நோவ்கொரத்திலும் அங்கே ரத்தம் சிந்திய கலகங்கள் நடந்தன. 1857-ல்தான் அந்த ஏற்பாடு ஒழிந்தது.

நாவலின் முடிவில் வடக்கிலிருந்து ஏதோ ஒன்று வருகிறது. அது புயலா, புரட்சியா, இன்னும் கொடிய ஆட்சியா என்று ஆசிரியர் சொல்லவில்லை. அது வருகிறது, நகராதிபதி மறைகிறார், சரித்திரம் நின்றுவிடுகிறது. ஆராய்ச்சியாளர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். 1884-ல் ஸர்க்கார் ‘தாய்நாட்டுக் குறிப்புகள்’ பத்திரிகையை மூடியது. ஷெத்ரீன் நோயோடும் மனவேதனையோடும் இன்னும் ஐந்து வருஷம் எழுதிவிட்டு 1889-ல் காலமானார். சாம்ராஜ்யம் 1917-ல் விழுந்தது. பின்னால் வந்தவர்கள் ஷெத்ரீனைப் போற்றிப் பதிப்பித்தார்கள். அவர் உத்தியோகம் பார்த்த த்வேருக்கு 1931-ல் காலீனின் என்றும், வியாத்காவுக்கு 1934-ல் கீரவ் என்றும் தங்கள் தலைவர்களின் பெயர்களையும் வைத்தார்கள். த்வேருக்கு 1990-ல் பழைய பெயர் திரும்பியது, வியாத்காவுக்குத் திரும்பவில்லை. சைபீரிய நதிகளைத் தெற்கே திருப்பிவிடும் திட்டம் ஒன்றும் பல வருஷம் காகிதத்தில் ஓடி, 1986-ல் கைவிடப்பட்டது. நதியைப் பற்றிய அத்தியாயத்தை அவர்களில் யாராவது படித்தார்களோ, என்னவோ!

ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையற்றவன் ஆவேன். உருளைக்கிழங்கு நல்ல பயிர். அன்று அதற்காக அடிபட்டவர்களின் பேரன்மார் அதை விரும்பிச் சாப்பிட்டார்கள். ரஷ்யர்கள் அதை இரண்டாவது ரொட்டி என்றே சொல்கிறார்கள். கடுகும் நல்லது. கல் அஸ்திவாரமும் நல்லதுதான். பரதாவ்கின் இன்று எழுந்து வந்தால், பார்த்தீர்களா, நான் சொன்னது சரியாய்ப் போயிற்று என்பார். அவர் சொல்வதில் பொய்யில்லை. அதுதான் இந்த நாவலின் பயங்கரம். ஷெத்ரீன் கேட்பது கடுகு நல்லதா கெட்டதா என்பதல்ல. உன் நன்மைக்காக என்று சொல்லிக்கொண்டு வருகிறவன், உனக்கு இது வேண்டுமா என்று ஒரு வார்த்தை ஏன் கேட்கவில்லை என்பதுதான். கேட்டிருந்தால் படை வேண்டியதில்லை. தகரச் சிப்பாய்களின் முகத்தில் ரத்தம் ஏற வேண்டியதில்லை.

நம் வீடுகளில் கடுகு தாளிக்காத நாள் இல்லை. எந்த நகராதிபதியும் உத்தரவு போட்டு நாம் தாளிக்கவில்லை. அம்மா தாளித்தாள், பாட்டியிடம் கற்றுக்கொண்டு தாளித்தாள். இந்தப் புத்தகத்தைப் படித்த பிறகு, அடுக்களையில் கடுகு வெடிக்கிற சத்தம் கேட்கும்போதெல்லாம் அசட்டூர் ஜனங்களின் ஞாபகம் எனக்கு வருகிறது. முழங்காலில் நின்றபடியே வேண்டாம் என்றார்களே, அந்த ஜனங்கள். அவர்கள் எழுந்து நின்று அதைச் சொல்லியிருக்கலாம் என்று ஷெத்ரீன் ஆத்திரப்பட்டார். எனக்கோ, அந்த நிலையிலும் வேண்டாம் என்றார்களே என்றுதான் படுகிறது.